பெர்மனென்ட் ஆயிட்டியா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கார் தொழிற்சாலை ஒன்றுகூடக் கிடையாது. ஆலை என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவு வருவது மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும், மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ மில்களும், அரிசி ஆலைகளும்தான். ஆனாலும் சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்து ஊர்களிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் பையன்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் திரும்பும் பையனிடம் மாமனும் பெரியப்பனும் கேட்பது சம்பளத்தைக்கூட அல்ல. "என்னப்பா, பெர்மனென்ட் ஆயிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. பெண் கொடுப்பவர்கள் கேட்பதும் அதையே.

பெரிய கார் நிறுவனத்தில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று ஆராயப் புகுந்தால், எந்த நிறுவனம், எந்த நாட்டு முதலாளி, எந்த மாடல் கார் என்பதெல்லாம் இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதே வேலையின் தன்மையை முடிவுசெய்கிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே காரின் இடது கதவை ஒருவரும் வலது கதவை இன்னொருவரும் மாட்டுகிறார்கள். ஒருவர் நிரந்தரத் தொழிலாளி, இன்னொருவர் பயிற்சியாளர் அல்லது ஒப்பந்தக்காரரின் ஆள். செய்யும் வேலை ஒன்று. சம்பளம், விடுப்பு, மருத்துவம், ஓய்வுக்காலம், கல்யாணச் சந்தையில் மதிப்பு எல்லாம் வேறு வேறு. ஊர்ப் பெரியவர்களின் கேள்வி அந்த இடத்தைத்தான் தொடுகிறது.

சென்னைக்கும் காருக்கும் உள்ள உறவு பழையது. 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பின்னாளைய அசோக் லேலண்ட் அதுதான். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஹெரால்டும் கெஸலும் செய்துவிட்டு 1980-களின் இறுதியில் மூடிப்போனது. அடுத்த அலை 1990-களில் வந்தது. மறைமலைநகரில் போர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 1996-ல் பதிவானது, 1998-ல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. இவற்றைச் சுற்றி சீட்டு, கண்ணாடி, வயரிங், பம்பர், சைலன்சர் என்று உதிரிபாகம் செய்யும் வெண்டார் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஊரில் 'கார் கம்பெனியில இருக்கான்' என்று சொல்லப்படுகிறவர்களில் பலர் உண்மையில் இருப்பது இந்த வெண்டார் கம்பெனிகளில்தான். கார் நிறுவனத்தின் வாசலுக்குள் போனவர்கள் அவர்களைவிடக் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள்.

கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் சமவெளியில் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தின் இரண்டாவது பையன்தான் பெரும்பாலும் போகிறவன். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து ஐடிஐ-யில் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக் என்று ஒன்றைப் படித்திருப்பான், இல்லையென்றால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. கேம்பஸ் என்ற பெயரில் ஐடிஐ வளாகத்துக்கே ஆள் எடுக்க வருவார்கள். ஓர் எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பார்வை, நிறக்குருடு சோதனை. அடுத்த மாதமே பெட்டியோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

கல்வராயன் மலைக்காரர்களுக்கு இந்த வழி இன்னும் நீளம். வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு பக்கத்து மலையாளிப் பழங்குடியினர் 1970-களின் நடுப்பகுதிவரை ஜாகீர்தார்களின் பிடியில் கூலியில்லாத வேலை செய்துகொண்டிருந்தவர்கள். பள்ளிக்கூடமும் சாலையும் அதற்குப் பிறகுதான் மெல்ல ஏறின. மலையின் சேலம் பக்கத்தில், கருமந்துறையில் பழங்குடியினருக்கென்று அரசு ஐடிஐ ஒன்று இருக்கிறது. அங்கே படித்து இறங்குகிறவனுக்கு எதிரே உள்ள வழிகளை வைத்துத்தான் கார் கம்பெனியை எடைபோட வேண்டும். சாமையும் மரவள்ளியும் ஆண்டு முழுவதும் சோறு போடாது. குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகலாம். ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட அழைத்துப்போகும் தரகர்கள் உண்டு. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் பிணமாக மிதந்த ஐந்து பேர் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தவர்கள். உள்ளூரிலேயே சாராய ஊறல் போடும் தொழிலும் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. இந்த வழிகளுக்கு நடுவே சீருடை, பஸ், கேன்டீன் சாப்பாடு, மாதம் பிறந்தால் வங்கியில் விழும் பணம் என்று ஒரு வேலை வந்தால் அது சின்ன விஷயமே இல்லை. கார் கம்பெனி வேலையைக் குறைசொல்லி எழுதுகிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் மனத்தாங்கல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழங்குடிச் சான்றிதழ் அரசு வேலைக்கும் கல்லூரிக்கும் உதவும். தனியார் கார் நிறுவனத்தில் இட ஒதுக்கீடு கிடையாது. மலைப் பையன் அங்கே மற்றெல்லோரோடும் ஒரே வரிசையில் நிற்கிறான், நகரத்துப் பேச்சும் ஆங்கிலமும் பழகாமல்.

சரி, உள்ளே போனால் என்ன வேலை?

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப், துண்டுகளைப் பற்றவைத்து உடலாக்கும் பாடி ஷாப், பெயிண்ட் ஷாப், கடைசியில் அசெம்பிளி. பாடி ஷாப்பில் வெல்டிங்கை இப்போது பெரும்பாலும் ரோபோக்கள் பார்த்துக்கொள்கின்றன. பெயிண்ட் ஷாப்பில் தலை முதல் கால்வரை மூடிய உடை. முகத்துக்குப் பவுடர்கூடப் பூசிக்கொண்டு வரக் கூடாது, ஏனென்றால் சிலிக்கோன் கலந்த ஒரு துகள் விழுந்தாலும் பெயிண்டில் குழி விழும். ஆட்கள் அதிகம் தேவைப்படுவது அசெம்பிளியில். புதிதாகப் போகிற பையன்கள் பலர் நிற்கப்போவதும் அங்கேதான்.

பெயிண்ட் காய்ந்து வந்த காரின் கதவுகளை முதலில் கழற்றிவிடுவார்கள். கதவுகள் தனி வரிசையில் போகும், உடல் தனி வரிசையில் நகரும். உடலுக்குள் வயரிங் கட்டை விரிப்பது, கூரைத் துணியைப் பொருத்துவது, டேஷ்போர்டை முழுசாக உள்ளே தூக்கி வைப்பது, கண்ணாடி ஒட்டுவது என்று படிப்படியாக நடக்கும். பிறகு கார் மேலே தொங்கியபடி வர, அடியில் நின்று இன்ஜினையும் அச்சையும் ஏற்றி முடுக்குவார்கள். கீழே இறங்கியதும் சக்கரம், சீட்டு, பிரேக் ஆயில், ஏசி கேஸ். கழற்றிய கதவு கடைசியில் தன் காரையே தேடி வந்து சேரும். வெளியிலிருந்து பார்க்க வியப்பாக இருக்கும், எனக்கும் வியப்புதான்.

வரிசையில் நிற்கிறவனுக்கு இந்த முழுப்படம் தெரியாது. அவனுக்குத் தெரிவது ஒரு ஸ்டேஷன். மணிக்கு 60 கார் ஓடும் வரிசை என்றால் ஒரு காருக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் ரேக்கிலிருந்து பாகத்தை எடுத்து, காருக்குள் குனிந்து, மூன்று போல்ட்டைக் கையால் ஏற்றி, துப்பாக்கி மாதிரித் தொங்கும் முடுக்கியால் இறுக்கி, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து, மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துத் திரும்பும்போது அடுத்த கார் வந்து நின்றிருக்கும். டீ நேரம், சாப்பாட்டு நேரம் போக ஒரு ஷிஃப்டில் 400 தடவைக்கு மேல் இதையே செய்ய வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு ரிலீவர் வர வேண்டும். முதல் மாதம் மணிக்கட்டு வீங்கும், இரண்டாம் மாதம் தோள்பட்டை. மூன்றாம் மாதம் உடம்பு பழகிவிடும் என்று சீனியர்கள் சொல்வார்கள். காரின் அடியில் கையை மேலே தூக்கியே நின்று வேலை செய்கிற ஸ்டேஷன்காரர்களுக்கு அது பழகுவதில்லை.

ஷிஃப்ட் முறை வைத்துச் சுற்றும். ஒரு முறை காலையில், அடுத்தது மதியத்தில், அதற்கடுத்தது இரவில். தூக்கத்துக்கு ஒழுங்கு வருவதற்குள் முறை மாறிவிடும். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை, ஒரகடம் பக்கம் ஓர் அறையை ஆறேழு பேர் சேர்ந்து எடுக்கிறார்கள். ஏ ஷிஃப்ட்காரன் எழுந்த பாயில் சி ஷிஃப்ட்காரன் வந்து படுப்பான். ஒருவன் சமைப்பான், இன்னொருவன் தூங்குவான், மூன்றாமவன் போனில் அம்மாவிடம் மெதுவாகப் பேசுவான். ஊருக்குப் போவதென்றால் சனி இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை தாண்டி, 200 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். மலைக்காரன் அதன் பிறகும் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வீடு சேர்ந்து குளித்துச் சாப்பிட்டால் திரும்பும் நேரம் வந்துவிடும்.

இந்த வேலையின் கடுமை இந்த மண்ணுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. ஹென்றி போர்டு 1913-ல் நகரும் வரிசையைக் கொண்டுவந்தபோது தொழிலாளிகள் தாங்காமல் ஓடினார்கள். 14,000 பேரை வேலையில் வைத்திருக்க ஒரே ஆண்டில் 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் ஒரு நாள் கூலியை 5 டாலராக, ஏறத்தாழ இரட்டிப்பாக உயர்த்தியதற்குக் காரணம் அதுதான். தருமம் அதில் குறைவு. ஜப்பானில் சதோஷி கமதா என்ற பத்திரிகையாளர் 1972-ல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, கிராமத்து விவசாயிகளோடு வரிசையில் நின்று, அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். வரிசை வேகத்தை எந்த நாட்டுத் தொழிலாளியும் தனியாக நின்று குறைத்ததில்லை. அமெரிக்கத் தொழிலாளிக்குக் கூலி உயர்ந்ததற்கு முக்கியக் காரணம், அவன் போய்விட்டால் ஆள் கிடைக்காது என்ற நிலை. ஒரகடத்தில் ஒருவன் போனால் கள்ளக்குறிச்சியிலிருந்து, திருவண்ணாமலையிலிருந்து, இப்போது ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஆள் வருகிறது.

இங்கேதான் பதிவேடு முக்கியமாகிறது. தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ச்சியாக வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கியே தீர வேண்டும் என்கிறது அது. காகிதத்தில் இதைவிடத் தெளிவான பாதுகாப்பு இல்லை. நடைமுறையில் ஆளை உள்ளே கொண்டுவரும்போதே இந்தச் சட்டம் எட்டாத பெயரில் கொண்டுவந்துவிடுகிறார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி எடுக்கப்பட்டவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல; பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அவருக்குக் கிடையாது. 2019-ல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்த அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், அதில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. 2013-ல் வந்த 'நீம்' என்ற திட்டத்தின் கீழும் ஆயிரக்கணக்கானவர்கள் பயிற்சியாளர் என்ற பெயரில் உற்பத்தியில் நின்றார்கள். பின்னர் அது கைவிடப்பட்டது. கம்பெனி ட்ரெய்னி என்று எடுத்தால் இரண்டு, மூன்று ஆண்டு ஓடும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தால் 'நீ எங்கள் ஆளே இல்லை' என்று சொல்லிவிடலாம்.

பயிற்சி என்பதற்கு நான் எதிரி இல்லை. 19 வயதுப் பையனுக்கு ரோபோவும் பி.எல்.சி.யும் டார்க் ரெஞ்சும் கையில் கிடைப்பது பெரிய கல்வி. ஆனால் கற்க மூன்று நாள் போதுமான ஒரு ஸ்டேஷனில் மூன்று ஆண்டு நிற்கவைப்பதைப் பயிற்சி என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

எவ்வளவு பெரிய இடைவெளி இது என்பதற்குப் பொதுவெளியில் உள்ள ஒரு கணக்கே போதும். 2025 செப்டம்பரில் ஹூண்டாய் நிறுவனமும் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட சங்கமும் ஊதிய ஒப்பந்தம் போட்டன. 2024 முதல் 2027 வரையான மூன்றாண்டுக்கு, கட்டம் கட்டமாக மாதம் 31,000 ரூபாய் உயர்வு. நாட்டின் கார் தொழிலில் இது மிக நல்ல ஒப்பந்தம். 'பெர்மனென்ட்' என்ற கேள்வியை ஊர் ஏன் அப்படிக் கேட்கிறது என்பதற்கு இந்தத் தொகையே விடை. ட்ரெய்னிகள் பலர் முழு மாதத்துக்கு வாங்குவதைவிட இந்த உயர்வு மட்டுமே அதிகம். அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் 1,981 பேர், தொழிலாளர் பிரிவில் 90 சதவீதம். அதாவது நிரந்தரத் தொழிலாளிகள் மொத்தமே ஏறத்தாழ 2,200 பேர். ஆண்டுக்கு 8 லட்சம் கார்களுக்கு மேல் செய்யும் திறன் கொண்ட ஆலை அது. எத்தனை ரோபோ இருந்தாலும் 2,200 பேரின் கை மட்டும் அத்தனை காரையும் பூட்டிவிடாது. மிச்சக் கைகள் யாருடையவை என்பதில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி முழுவதும் இருக்கிறது.

நிரந்தரமாகிவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 2021 செப்டம்பர் 9 அன்று போர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர், குஜராத்தின் சானந்த் இரண்டு ஆலைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 4,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். இழப்பீட்டுக்காக 2022-ல் மறைமலைநகர்த் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. இருபது வயதில் உள்ளே போனவர்கள் நாற்பதைத் தாண்டி, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தலைமேல் இருக்க, வெளியே நின்றார்கள். ஒரே வகைக் காரின் ஒரே பகுதியை இருபது ஆண்டு பூட்டிய திறமைக்கு வேறெங்கும் விலை கிடைப்பது கடினம். இப்போது போர்டு அதே ஆலையில் இன்ஜின் செய்யத் தமிழக அரசோடு 2025 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, 2029-ல் உற்பத்தி தொடங்கும் என்கிறார்கள். அன்று வெளியேறியவர்களுக்கு அப்போது ஐம்பதை நெருங்கியிருக்கும்.

சங்கம் வைப்பதும் இங்கே எளிதாக நடந்ததில்லை. 2010 ஜூனில் ஹூண்டாய்த் தொழிலாளிகள், வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். 2018-ல் ஒரகடத்தில் யமஹாவிலும் ராயல் என்ஃபீல்டிலும் வேலைநிறுத்தம். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஊழியர்கள் 37 நாள் வெளியே இருந்தது வாகனத் தொழில் சம்பந்தப்பட்டதில்லை என்றாலும், அங்கேயும் சங்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பதே சண்டை. இவற்றில் என்னை அதிகம் தொட்டது 2021 மே மாதம் நடந்தது. கொரோனா இரண்டாம் அலையில் ரெனோ-நிஸான் தொழிலாளிகள் உயர் நீதிமன்றம் போய்க் கேட்டது, வரிசையில் காருக்கும் காருக்கும் நடுவே காலி இடம் விடுங்கள் என்று. வேகம் குறைந்தால்தான் ஆளுக்கும் ஆளுக்கும் இடைவெளி வரும் என்பது அவர்கள் வாதம். மூச்சுவிடும் தூரத்துக்காக ஒரு சங்கம் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஆனால் ஏற முடிந்தது, ஏனென்றால் அங்கே சங்கம் இருந்தது. ட்ரெய்னிக்கும் ஒப்பந்த ஆளுக்கும் அந்தப் படிகூட எட்டாது. கள்ளக்குறிச்சிப் பையன் சங்கக் கூட்டத்துக்குப் போனதாகத் தெரிந்தால் நீட்டிப்பு வராது என்ற பயம் அவனை விட்டதே இல்லை.

ட்ரெய்னிக் காலம் முடிந்து வெளியே வருகிறவன் 22, 23 வயதில் இருப்பான். சிலர் அடுத்த வெண்டார் கம்பெனிக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததுக்கு. சிலர் சேர்த்த பணத்தில் வளைகுடாவுக்கு. சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் வண்டி பழுதுபார்க்கும் கடை போட்டு நன்றாகவே இருப்பவர்களும் உண்டு. தங்கையின் நர்சிங் படிப்பு, ஓட்டு வீட்டுக்குப் பதில் தளம் போட்ட வீடு, அப்பாவின் கடன் அடைந்தது என்று அந்த மூன்றாண்டுப் பணம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகளைச் செய்திருக்கிறது. இதை மறுக்கவே கூடாது. காணாமல் போவது வேறு. ஆறு கம்பெனியில் எட்டாண்டு உழைத்தவனுக்கு எந்தக் கம்பெனியிலும் ஐந்தாண்டு முழுசாக இல்லாததால் பழைய கணக்குப்படி கிராஜுவிட்டி இல்லை. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். வேலை போகும்போதெல்லாம் அவசரத்துக்கு முழுப் பணத்தையும் எடுத்துவிடுவதால் அந்தச் சேவைக் கணக்கு ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. அப்ரண்டிஸாக இருந்த ஆண்டு எந்தக் கணக்கிலும் ஏறுவதே இல்லை.

இனி வருவதைப் பார்ப்போம். டாடா டெக்னாலஜிஸ் துணையோடு 71 அரசு ஐடிஐ-களில் ரோபோவும் சி.என்.சி.யும் கொண்ட புதுக் கூடங்கள் வந்திருக்கின்றன. ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் டாடாவின் கார் ஆலை, தூத்துக்குடியில் வின்ஃபாஸ்டின் மின்சாரக் கார் ஆலை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவான் நாட்டுப் பௌ சென் குழுமத்தின் காலணித் தொழிற்சாலை. 2023-ல் ஒப்பந்தமானபோது 2,302 கோடி ரூபாய், 20,000 பேருக்கு வேலை என்றார்கள், அதில் பெரும்பங்கு பெண்களுக்கு. கார் ஆலைகள் பெண்களை அசெம்பிளிக்கு எடுத்தது குறைவு என்பதால் இது முக்கியம். அங்கேயும் நான் கேட்க விரும்புவது 20,000 பேரில் எத்தனை பேர் எந்தப் பதிவேட்டில் என்பதையே. அரசு ஒவ்வொரு ஒப்பந்தத்தின்போதும் வேலைகளின் மொத்த எண்ணிக்கையை அறிவிக்கிறது. நில, மின், வரிச் சலுகை பெற்ற நிறுவனம் ஒவ்வொன்றும் எத்தனை ட்ரெய்னிகளை எடுத்தது, மூன்றாண்டு கழித்து எத்தனை பேரை நிரந்தரமாக்கியது என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வைக்க அதே அரசால் முடியும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் வசதியைத் தாராளமாகவே தருகின்றன. நிரந்தர வேலை இன்னும் சுருங்கும் என்று சங்கங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அதே சட்டங்கள் இரண்டு பயனுள்ள பிடிகளையும் தருகின்றன: எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம், குறிப்பிட்ட கால ஊழியருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி. ஐடிஐ-க்கு ஆள் எடுக்க வரும்போது பையனும் அப்பனும் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி, அதில் அப்ரண்டிஸா, ட்ரெய்னியா, குறிப்பிட்ட காலமா, ஒப்பந்தக்காரர் பெயரா, பி.எஃப். பிடித்தம் உண்டா என்று அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். படித்துச் சொல்ல ஐடிஐ ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். கருமந்துறையிலும் சங்கராபுரத்திலும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில் யாருக்கும் பணச் செலவு கிடையாது.